எட்டாயிரம் அடி

அப்பாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு நான் கடைசியாக நடந்தது எந்த வயதில் என்று ஞாபகமில்லை. 2024 மார்ச்சில், கோயம்புத்தூரிலிருந்து டில்லி போகிற விமானத்தில், அதே விரலை இரண்டரை மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். பாசத்தினால் என்று சொல்வதற்கில்லை. விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டியிருந்தது. 2021இல் இரண்டாவது அலை அடித்த நாட்களில், மருந்துக் கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிய சிறு கருவி. அதில் சிவப்பாக எரிந்த எண் கீழே இறங்கிக்கொண்டிருந்ததைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா ஊட்டியில் 18 வருஷம் தபால்காரராக இருந்தவர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த மேடுகளில் ஏறி இறங்கியவர். குளிருக்காகப் பிடிக்க ஆரம்பித்த பீடியைக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகி வந்த பிறகும் விடவில்லை. காரணம் மலையிலேயே தங்கிவிட்டது, பழக்கம் மட்டும் கூடவே இறங்கி வந்தது. இப்போது வயது 71. நுரையீரலின் சிற்றறைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, பழைய ரப்பர் மாதிரி இழுவை போய்விட்டது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். தங்கைக்கு டில்லியில் இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. பார்க்க வேண்டும் என்றார் அப்பா. ரயில் என்றால் இரண்டு இரவு. வங்கியில் எனக்கு விடுப்புப் பயணச் சலுகை காலாவதியாகிற மாதம் அது. விமானம் என்று முடிவாயிற்று.

டாக்டர் ஒரு சோதனை சொன்னார். சாதாரண நடையில் 50 மீட்டர் நடக்கவோ, ஒரு மாடி ஏறவோ, பெரிதாக மூச்சு வாங்காமல் முடிகிறதா? முடிந்தால் அநேகமாகப் பறக்கலாம். சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள், விமானக் கம்பெனிக்கு ஒரு மருத்துவப் படிவம் நிரப்பித் தர வேண்டும், ஆக்ஸிஜனுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும், சில நாள் ஆகும். அன்று மாலை வீட்டு மாடிப்படியில் சோதனை நடந்தது. 17 படி. அப்பா நிற்காமல் ஏறினார். ஏறி முடித்ததும் என் பக்கம் திரும்பாமல், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்க்கிற பாவனையில் நின்றார். கீழே நின்ற எனக்கு அவர் முகம் தெரியவில்லை. தோள்கள் தெரிந்தன. தோள்களால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். "ஊட்டில பதினெட்டு வருசம் குப்ப கொட்டுனவன்டா நானு" என்று மேலேயிருந்தே சொன்னார், இரண்டு தவணையாக.

டாக்டருக்கு ஃபோன் செய்து "ஏறிவிட்டார்" என்றேன். அது பொய்யில்லை. காசோலையில் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற ஸீட்டில் சில வருஷம் உட்கார்ந்தவன் நான். கோடு சற்று நடுங்கியிருக்கும், ஆனால் வடிவம் ஒத்துப்போகும், கௌண்டரில் கூட்டம் நிற்கும், பாஸ் செய்துவிடுவோம். அப்படித்தான் அப்பாவையும் பாஸ் செய்தேன்.

விமானத்துக்குள் இருக்கிற காற்று தரையில் இருக்கிற காற்று அல்ல என்பது பலமுறை பறந்தவர்களுக்கும் தெரிவதில்லை. வெளியே 36,000 அடியில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால்பங்குக்கும் குறைவு. குளிர் மைனஸ் 56 டிகிரி. அங்கே முகமூடி இல்லாமல் ஒருவன் ஒரு நிமிஷம்கூட உபயோகமான பிரக்ஞையோடு இருக்க முடியாது. எனவே எஞ்சினில் அழுத்தப்படும் காற்றின் ஒரு பகுதியைப் பிரித்துக் குளிர்வித்து உள்ளே செலுத்துகிறார்கள்; வால்பக்கம் உள்ள ஒரு வால்வு வழியாக அளந்து வெளியே விடுகிறார்கள். ஆனால் தரையின் அழுத்தத்தை அப்படியே உள்ளே வைத்துக்கொள்வதில்லை. விமானம் மேலேறும்போது உள்ளேயும் அழுத்தத்தைப் படிப்படியாகத் தளர்த்திக்கொண்டு போகிறார்கள். விதி சொல்வது இதுதான்: சாதாரண நிலையில் கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருக்கக்கூடிய அழுத்தத்துக்குக் கீழே போகக்கூடாது.

ஊட்டி 7,350 அடி. தொட்டபெட்டா 8,650 அடி. ஆக, எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தாலும் விமானம் முதல் அரைமணி நேரத்தில் நம்மை ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவே ஓர் இடத்துக்குக் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. அப்பா சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது. அவர் மறந்தது, அல்லது மறந்ததாகக் காட்டிக்கொண்டது, இரண்டு விஷயம். ஊட்டிக் காற்றுக்கு அவர் உடம்பு பழக வாரக்கணக்கில் அவகாசம் இருந்தது. மூச்சு ஆழமாயிற்று, ரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகின. விமானம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. மற்றது, அப்போது நுரையீரல் இருபத்தைந்து வயது வாலிபனுடையது.

8,000 என்ற எண் எங்கிருந்து வந்தது? அது உடம்பிலிருந்து மட்டும் வந்ததல்ல. நுரையீரலுக்கும் உலோகத்துக்கும் நடந்த பேரம் அது. உள்ளே அழுத்தம் கூடக்கூட விமானத்தின் தோல் வெளிப்புறமாக உப்ப முயல்கிறது. எட்டாயிரம் அடி அளவில் வைத்துக்கொண்டாலே சுவரில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஐந்து டன்னுக்கு மேலான விசை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது. இன்னும் கூட்டினால் தகடு தடிமனாக வேண்டும், எடை கூடும், எண்ணெய் கூடும். இந்தப் பேரத்தின் ஆரம்ப காலத்தில் கொடுத்த விலை காமெட். 1952இல் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்க ஆரம்பித்த முதல் ஜெட் விமானம். 1954இல் ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக இரண்டு காமெட்கள் இத்தாலியக் கடலுக்கு மேல் உடைந்து சிதறின. ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கி, பறத்தலின் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். நிஜமாகப் பறந்ததையும் சேர்த்து 3,057வது சுற்றில் தகடு கிழிந்தது. ஒரே தடவையில் அல்ல, மறுபடி மறுபடி உப்பித் தளர்ந்ததில் உலோகம் களைத்துப் போயிருந்தது. அப்பாவின் நுரையீரலைப் பற்றி டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய இதே வாக்கியம்தான்.

2011இல் சேவைக்கு வந்த போயிங் 787 போன்றவற்றில் உலோகத்துக்குப் பதில் கார்பன் இழைக் கலவை. அது களைப்பை நன்றாகத் தாங்கும். எனவே உள்ளே 6,000 அடி அளவு போதும் என்று பேரம் திருந்தியிருக்கிறது. இதற்கு முன்னோடியாக 2007இல் வெளியான ஓர் ஆய்வில் 502 பேரை 20 மணி நேரம் ஓர் அழுத்த அறைக்குள் உட்கார வைத்துப் பார்த்தார்கள். 8,000 அடி அளவில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் நாலு சொச்சம் புள்ளி இறங்கியது; மலைநோய் யாருக்கும் அதனால் கூடவில்லை; மூன்று மணி நேரத்துக்குப் பிறகு அசௌகரியம் மட்டும் கூடியது. நாங்கள் போன விமானம் பழைய பேரத்தைச் சேர்ந்தது, உலோகத் தோல் கொண்டது.

நாலு புள்ளி என்பது ஆரோக்கியமானவனின் கணக்கு. ரத்தம் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்வதற்கு ஒரு வளைகோடு உண்டு. மேலே நீளமான சமதளம், பிறகு திடீர்ச் சரிவு. ஆரோக்கியமானவன் சமதளத்தின் நடுவில் நிற்கிறான்; எட்டாயிரம் அடி அவனைப் பத்தடி பின்னால் தள்ளினாலும் அவன் சமதளத்தில்தான் இருக்கிறான். அப்பா ஏற்கெனவே விளிம்பில் நிற்பவர். அதே பத்தடி அவரைச் சரிவில் இறக்கிவிடும். தரையில் 93 காட்டுகிறவர் "கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்" என்று நாம் நினைத்துக்கொள்வது இந்த வளைகோட்டைப் பார்க்காததினால்.

கிளம்பும்போது 93. பக்கத்து ஸீட் பையனின் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட் உப்ப ஆரம்பித்தபோது 91. பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. காதின் உள்ளறைக்கும் தொண்டைக்கும் நடுவே இருக்கும் குறுகிய குழாயைத் திறந்துகொள்ள அதற்குத் தெரியாது. அழுவதே அதற்கு வைத்தியம். அப்பாவுக்குப் புளிப்பு மிட்டாய் கொடுத்திருந்தேன். 89. நான் அவருக்கு மூச்சு முட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். முட்டவில்லை.

இங்கேதான் என் இலக்கிய ஞானத்தின் ஓட்டை எனக்குத் தெரிந்தது. பத்து வருஷத்துக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதும்போது 'நவீன மனிதனின் மூச்சுத்திணறல்' என்ற பிரயோகத்தை நான் மூன்று இடத்தில் உபயோகித்திருக்கிறேன். நானாவது மூன்று இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். நம் புதுக்கவிதையில் மூச்சு முட்டாத கவிஞன் அபூர்வம். அறை இருக்கும், ஜன்னல் சாத்தியிருக்கும், மூச்சு முட்டும். காற்று இல்லாததினால் முட்டுகிறது என்று நாமும் புரிந்துகொண்டு விமர்சனம் எழுதுவோம். உடம்பின் நியாயம் வேறு. மூச்சு முட்டுகிற வேதனை பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவதினால் வருவதல்ல. கரியமிலவாயு உள்ளே தேங்குவதினால் வருவது. தாராளமாக மூச்சை வெளியே விட முடிந்தால், ஆக்ஸிஜன் எவ்வளவு குறைந்தாலும் உடம்பு பெரிதாகக் கூச்சல் போடாது. லேசான சந்தோஷம்கூட உண்டாகும். 2020லும் 2021லும் 80க்குக் கீழே போன பிறகும் கட்டிலில் உட்கார்ந்து செல்ஃபோனில் பேசிக்கொண்டிருந்த நோயாளிகளை டாக்டர்கள் பார்த்தார்கள்.

இதற்கு முந்திய சாட்சிகளும் உண்டு. 1875 ஏப்ரல் 15 அன்று பாரிஸிலிருந்து ஜெனித் என்ற பலூனில் மூன்று பேர் 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள். கையருகே ஆக்ஸிஜன் பைகள் இருந்தன. அந்த அளவு போதாது என்று எச்சரித்து பால் பெர் எழுதிய கடிதம் அவர்கள் கிளம்பிய பிறகுதான் வந்து சேர்ந்தது. மேலே போனதும் பையை எட்டி எடுக்கக் கை எழவில்லை. எழவில்லையே என்ற கவலையும் எழவில்லை. பிழைத்து வந்த திஸாந்தியே என்பவர், அங்கே துன்பம் ஒன்றும் இல்லை, உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சிதான் இருந்தது என்று எழுதிவைத்தார். மற்ற இருவரும் பிணமாக இறங்கினார்கள். 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய விமானத்தில் கேபின் அழுத்தத்துக்கான விசை ஒன்று தவறான நிலையில் விடப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஒலி கேட்டது; விமானிகள் அதை வேறு எதற்கோ உரிய ஒலி என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு பிரக்ஞை போயிற்று. விமானம் தானாகவே பறந்து, எண்ணெய் தீர்ந்து, மலையில் விழுந்தது. 121 பேர்.

ராபர்ட் பாயில் 1660இல் தன் காற்றுப் பம்பைப் பற்றி எழுதிய புத்தகத்தில், கண்ணாடிக் குடுவைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சிய பறவைகளைச் சொல்கிறார். அவற்றில் ஒன்று வானம்பாடி. கோவைக்காரனான எனக்கு அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கும் வரலாம். இப்போது யோசிக்கையில், குடுவைக்குள் நாமும்தான் இருந்தோம் என்று தோன்றுகிறது. அவர்கள் சிறகடித்தார்கள், நாம் முட்டுகிறது என்று முனகினோம். முனகுகிறவனுக்கு இன்னும் ஆபத்தில்லை. வெளியே விட வேண்டியது வெளியே போகாமல் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றுமே முட்டாமல், சௌகரியமாக, கொஞ்சம் உற்சாகமாகவே எழுதிக்கொண்டு போகிறவனுடைய விரலில்தான் கருவியை மாட்டிப் பார்க்க வேண்டும். இதை ஒரு விமர்சனக் கோட்பாடாக வளர்க்க எனக்கு உத்தேசமில்லை. உருவகம் செய்கிற சுகத்தில்தான் முதல் தடவை தப்பு செய்தேன்.

86 வந்தபோது அப்பா பேச ஆரம்பித்தார். என் அப்பா பேசுகிறவர் அல்ல. அம்மா போன பிறகு வீட்டில் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உனக்கு வருதே, அந்த மாதிரி புஸ்தகம் அங்க ஒருத்தருக்கு வரும். பெர்ன்ஹில்லுக்கு மேல ஒரு வாத்தியாரு. உறை ரெண்டு பக்கமும் தொறந்திருக்கும்."

"ஆமாங்கப்பா. புக் போஸ்ட்."

"ஏறிப் போற வழில ஒரு கல்லு இருக்கும். மூச்சு வாங்க உக்காருவேன். அப்ப எடுத்துப் படிப்பேன். படிச்சுப்போட்டு மறுபடி சொருகிக் குடுத்துருவேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. தபால்காரர் செய்யக்கூடாத காரியம் அது. என் அப்பா ஓர் அணாத் தபால்தலையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர் என்று ஊரில் பேர்.

"ஒண்ணும் வெளங்காது. ஆனா விடாம படிச்சேன். ஒருத்தன் எழுதுவான், மூச்சு முட்டுது, மூச்சு முட்டுதுன்னு. நான் மேடேறி வந்து கல்லுல உக்காந்திருப்பேன். சிரிப்பா வரும்." சிரித்தார். உதடு மெலிதாக நீலம் பாரித்திருந்தது. "எத்தன காட்டுது?"

84.

"தொண்ணூத்தி ஒண்ணுங்கப்பா" என்றேன்.

தலைக்கு மேலே பணிப்பெண்ணை அழைக்கும் பொத்தான் இருந்தது. அவசரத்துக்கு விமானத்தில் ஆக்ஸிஜன் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கையைத் தூக்கினேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. தூக்கி, காற்றுக் குமிழைத் திருகிவிட்டுக் கையை இறக்கிக்கொண்டேன். பொத்தானை அழுத்தினால் முகமூடி வரும். முகமூடி வந்தால் பேச்சு நின்றுவிடும். 36 வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்காத ஒன்றை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று இருந்தேன். இதைத் தவிர வேறு காரணம் சொல்ல எனக்கு வழியில்லை. கருவி இரண்டு எண் முன்னே பின்னே காட்டும், விரல் குளிர்ந்திருந்தால் குறைத்துக் காட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்மை.

பத்து நிமிஷம் இருக்கும். வாத்தியார் செத்துப்போன பிறகும் இரண்டு இதழ் வந்ததாகவும், அவற்றைத் திருப்பி அனுப்பாமல் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு வந்ததாகவும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். அதற்குள் விமானம் இறங்க ஆரம்பித்துவிட்டது. காது அடைத்துக்கொண்டது போலும், தலையை ஆட்டினார். 87. 90. நடுவழியில் குடித்துவிட்டு மூடி வைத்த பிளாஸ்டிக் பாட்டில் முன்பையில் தானாக நசுங்கிக்கொண்டது. சக்கரம் தரையைத் தொட்டபோது 93. "செருப்பு எங்கடா?" என்றார். பழைய அப்பா.

திரும்பி வந்ததும் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். 15 சதவீத ஆக்ஸிஜனை இருபது நிமிஷம் சுவாசிக்கக் கொடுத்துத் தரையிலேயே விமானத்தைச் செய்து பார்க்கிற சோதனை ஒன்று உண்டு, நீங்கள் தோள்களைப் பார்த்ததைச் சொல்லியிருந்தால் அதற்கு அனுப்பியிருப்பேன் என்றார். 84இல் மனிதன் உளறுவானா என்று கேட்டேன். "பத்து நிமிஷத்தில் அநேகமாக இல்லை. விமானத்தில் எல்லோருமே கொஞ்சம் பேசுவார்கள்" என்றார்.

திரும்பி வந்தது ரயிலில். அதுவே அப்பா சொன்ன ஒரே நிபந்தனை. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் நரம்பில் ரத்தம் உறைகிற ஆபத்து இரு மடங்காகும், அது விமானத்துக்கு மட்டுமல்ல, ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பொருந்தும் என்று எங்கோ படித்திருந்ததை வைத்து, அவரை மணிக்கொரு தரம் எழுப்பி நடக்க வைத்தேன். அந்த அளவு ஜாக்கிரதை எனக்கு அப்போது வந்திருந்தது. இரண்டாவது நாள் மத்தியானம், நாக்பூர் தாண்டி, எதிர் ஸீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், அந்த வாத்தியாரின் புஸ்தகங்களைப் பற்றிக் கேட்டேன்.

"எந்தப் புஸ்தகம்?" என்றார்.

மறந்துவிட்டாரா, சொன்னதற்காக வெட்கப்பட்டாரா, அல்லது நான் கேட்டதே மெல்லிய காற்று உண்டாக்கிய ஒன்றா என்று தெரியவில்லை. என் ரத்தத்திலும் அன்று நாலு புள்ளி குறைந்துதான் இருந்திருக்கும்.

பிறகு ஒரு நாள் அந்த மருத்துவப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கம். நிரப்ப அரைமணி நேரம் ஆகும்.